கடலூரில் ஒரு டெபியன் 8

பிரிண்டர் டிரைவரின் கோப்பு இருக்க வேண்டிய டைரக்டரியில்தான் இருக்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையைப் போட்டுப் பார்த்தால் பெயரும் அளவும் தெரிகின்றன, இயக்கும் அனுமதியும் இருக்கிறது. ஆனால் அதன் பெயரை டெர்மினலில் அடித்து என்டர் தட்டினால், அப்படி ஒரு கோப்போ டைரக்டரியோ இல்லை என்று ஷெல் சொல்கிறது. லினக்ஸில் பல வருடம் பழகியவர்களையே கொஞ்ச நேரம் திணற வைக்கும் செய்தி இது. பழைய லினக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்றாவது ஒரு நாள் இதைச் சந்திப்பார்கள். அதன் பொருளையும், அதிலிருந்து வெளியே வரும் வழியையும் விவரமாக எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்.

கடலூர் முதுநகரில் ஒரு படிப்பகம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் சொந்தப் புத்தகங்களை வைத்துத் தொடங்கியது. பிறகு ஊரார் கொடுத்தவையும் சேர்ந்து இரண்டு அறைகள் நிரம்பிவிட்டன. 2015 மழை வெள்ளத்தில் கீழ்த்தட்டுப் புத்தகங்களோடு, கையால் எழுதிவந்த பதிவேடும் நனைந்து மை கரைந்துபோனது. அதற்கடுத்த வருடம்தான் இனிமேல் பட்டியல் கணினியில் இருக்கட்டும் என்று முடிவு செய்து, ஒரு பழைய மேசைக் கணினியில் டெபியன் 8 என்ற லினக்ஸ் வெளியீட்டைப் போட்டு, அதன் மேல் கோஹாவை நிறுவினார்கள். கோஹா நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற பகுதியின் நூலகங்களுக்காக 1999இல் எழுதத் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருள். உலகம் முழுக்கப் பெரிய நூலகங்கள்கூட இதை ஓட்டுகின்றன. முதுநகரில் அது இரண்டு ஜிபி நினைவகத்தோடு, உப்புக் காற்றுக்கு நடுவில், ஓடிக்கொண்டே இருக்கிறது. அவ்வப்போது ராம் கழற்றி அதன் முனைகளை ரப்பரால் துடைத்துப் போட வேண்டும். கடலோரத்தில் கணினி வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த வேலைதான்.

இப்போது அங்கே ஒரு லேபிள் பிரிண்டர் வந்திருக்கிறது. பழைய மாணவர் ஒருவர் வாங்கிக் கொடுத்தது. புத்தகத்தின் முதுகில் ஒட்டும் எண்ணையும் பார்கோடையும் அதிலேயே அச்சிட்டுக்கொள்ளலாம் என்று சாருக்கு ஆசை. இதுவரை ஏ4 ஸ்டிக்கர் தாளில் அடித்து, கத்தரித்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

படிப்பகத்துக்கு மாலையில் வந்து உதவும் ஒரு கல்லூரி மாணவிதான் முதலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பிரிண்டர் நிறுவனத்தின் தளத்திலிருந்து புது டிரைவரை இறக்கினாள். 2.28 அல்லது அதற்கு மேற்பட்ட லிப்சி6 (ஜிலிப்சி என்ற சி லைப்ரரியின் டெபியன் பேக்கேஜ்) வேண்டும் என்று, பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி மறுத்துவிட்டது. டெபியன் 8இல் இருப்பது 2.19. எங்கேயோ படித்த யோசனைப்படி, டெபியன் 10இன் முகவரியை, பேக்கேஜ்களைத் தேடி இறக்கித் தரும் ஆப்டின் பட்டியலில் சேர்த்து, எல்லாவற்றையும் மொத்தமாகப் புதுப்பிக்கும் டிஸ்ட்-அப்கிரேட் கொடுத்திருக்கிறாள். திரையில் நீளமாக ஒரு பட்டியல். அதில் ‘நீக்கப்படுபவை’ என்ற பகுதியைப் பொறுமையாகப் படித்தவள் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, எடுத்துடப்போறேன்னு அது காட்டுற லிஸ்ட்ல கோஹா பேரே இருக்கு. நான் வேண்டாம்னு குடுத்துட்டேன். சரிதானே?”

நூற்றுக்கு நூறு சரி. சம்பளம் வாங்கிக்கொண்டு இதே வேலையைச் செய்கிறவர்கள் பலர் அந்தப் பகுதியைப் படிப்பதே இல்லை. கேள்வி வந்த உடனே ‘ஒய்’ தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். ஆப்ட் எதையும் மறைப்பதில்லை. என்ன செய்யப்போகிறது என்பதை முழுவதும் சொல்லிவிட்டுத்தான் அனுமதி கேட்கிறது. அதைப் படிப்பதுதான் இந்த வேலையில் பாதி.

ஒரு பிரிண்டர் டிரைவருக்காக நூலக மென்பொருளே ஏன் வெளியே போக வேண்டும்? கோஹா பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. பெர்ல் தொகுதிகளில் ஒரு வகை சி மொழியில் எழுதித் தொகுக்கப்பட்டவை (கம்பைல் செய்தவை). அவை எந்தப் பெர்லுக்காகத் தொகுக்கப்பட்டனவோ அந்தப் பெர்லோடு மட்டுமே ஒட்டும். டெபியன் இதைச் சார்பாகவே (ஒன்று ஓட இன்னொன்று வேண்டும் என்ற விதியாகவே) எழுதி வைத்திருக்கிறது. டெபியன் 8இல் அந்த வகைத் தொகுதிகள் எல்லாம் ‘பெர்ல்-ஏபிஐ-5.20’ வரிசையில் ஒன்று வேண்டும் என்று கேட்கும். டெபியன் 10இன் பெர்ல் 5.28. அது உள்ளே வந்தால் பழைய தொகுதிகள் எல்லாம் புதியவையாக மாற வேண்டும். மாற்று கிடைக்காதவை வெளியே போக வேண்டும், அவற்றை நம்பியிருக்கும் கோஹாவும் கூடவே போக வேண்டும். ஆப்டின் கணக்கில் பிழை எதுவும் இல்லை. நாம் அதனிடம் கேட்டது அப்படிப்பட்ட காரியம்.

ஜிலிப்சியின் கதை இன்னும் அடிப்படையானது. லினக்ஸில் ஓடும் ஏறக்குறைய எல்லா நிரல்களும் கோப்பைத் திறக்க, நினைவகம் கேட்க, நேரம் பார்க்க அந்த சி லைப்ரரியிடம்தான் போகின்றன. அதில் ஒவ்வொரு செயல்கூறுக்கும் பதிப்பு முத்திரை உண்டு. 2.19க்காகக் கட்டிய நிரல் 2.36இலும் ஓடும், ஏனென்றால் பழைய முத்திரைகளை அவர்கள் தூக்கி எறிவதில்லை. மறுபக்கம் நடக்காது. 2018 ஆகஸ்டில் வந்த 2.28இல் எஃப்சிஎன்டிஎல்64 என்ற செயல்கூறு புதிதாகச் சேர்ந்தது. பெரிய கோப்புகளுக்கான வசதியோடு, எஃப்சிஎன்டிஎல்லை வெறுமனே அழைக்கும் ஒரு சாதாரண நிரலைக்கூட அதற்குப் பிந்தைய கணினியில் தொகுத்தால், அது இந்தப் புதுப் பெயரைத் தேடத் தொடங்கிவிடும். டிரைவரை எழுதியவர் புதிதாக எதையும் செய்திருக்க வேண்டியதில்லை. அவருடைய கணினி புதிது, அவ்வளவுதான். அதனால் டெபியன் 8 வைத்திருப்பவரின் பிரிண்டர் ஓடாது.

ஜிலிப்சியை மட்டும் தனியாகப் புதுப்பித்துவிட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். கணினியே அதன் மேல்தான் நிற்கிறது. பாதி வழியில் மின்சாரம் போனால் ‘எல்எஸ்’ கூட ஓடாத நிலைக்கு வந்துவிடும், கடலூரில் மின்சாரம் போகாது என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். புதிய ஜிலிப்சியிலிருந்து பழையதற்குத் திரும்பும் பாதையையும் டெபியன் ஆதரிப்பதில்லை.

இத்தனை வருடம் இந்த வேலையைச் செய்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. பழைய லினக்ஸில் சார்புச் சிக்கல் என்று வருவது பெரும்பாலும் ஏதோ ஒன்று இல்லாததால் வருவதில்லை. வேறு வேறு காலத்துப் பொருள்களை ஒன்றாகச் சேர்க்கப் பார்ப்பதால் வருகிறது. டெபியன் 8 என்பது 2015 ஏப்ரலில் ஒன்றோடொன்று பொருத்திச் சோதித்து வெளியிட்ட பேக்கேஜ்களின் கூட்டம். அதற்குள் எல்லாம் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலத்து வீடுகளைப் பழுது பார்க்கும் கொத்தனார்கள் சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூச மாட்டார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, பூச்சு சுவரின் ஒரு பகுதியையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பைத்தான் தேடிப் போவார்கள். நானும் டெபியன் 8க்கு டெபியன் 8 காலத்துப் பொருளைத்தான் தேடிப் போனேன்.

பிரிண்டர் பெட்டிக்குள் ஒரு சிடி இருந்தது. அதில் டிரைவரின் பழைய பதிப்பு. தொடக்கத்தில் சொன்ன ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்ற செய்தி வந்தது இதற்குத்தான். ‘ஃபைல்’ என்ற கட்டளையை அதன் மேல் ஓட்டினால் விஷயம் தெரிந்துவிடும். 32 பிட் நிரல், இன்டெல் 80386க்கானது, அதை ஏற்றி வைக்கும் லோடர் ‘எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2’. படிப்பகத்தில் இருப்பது 64 பிட் டெபியன், அதில் அந்த 32 பிட் லோடர் கிடையாது. கெர்னல் நிரலைத் திறக்கிறது, இன்ன லோடரைக் கொண்டுவா என்ற குறிப்பைப் படிக்கிறது, அந்த லோடரைக் காணோம் என்று பிழை திருப்புகிறது. அந்தப் பிழையை ஷெல் நிரலின் பெயரோடு சேர்த்துச் சொல்வதால் நிரலையே காணோம் என்று நமக்குப் படுகிறது. இல்லாதது லோடர்.

ஒரு நிரலுக்கு எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று காட்டும் எல்டிடி கட்டளையும் இந்த இடத்தில் உதவாது. இது டைனமிக் நிரலே இல்லை என்று சொல்லிவிடும். அதை நம்பி, சரி, இதற்கு வெளிச் சார்பே கிடையாது என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘ரீடெல்ஃப்’ அல்லது ‘ஆப்ஜ்டம்ப்’ போட்டு, கோப்பிலேயே எழுதியிருக்கும் ‘நீடட்’ வரிகளைப் படிப்பது நம்பகமான வழி. நிரலை இயக்காமலே படிக்கலாம் என்பது இன்னொரு நன்மை. எல்டிடி சில வேளைகளில் நிரலையே ஓட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்லும், ஆகவே ஊர் பேர் தெரியாத கோப்புகளில் அதைப் பயன்படுத்தக் கூடாது. இந்த டிரைவரின் வரிகளில் இருந்தவை லிப்கப்ஸ், லிப்கப்ஸ்இமேஜ் (இரண்டும் லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸின் லைப்ரரிகள்), லிப்சி. மூன்றும் டெபியன் 8இலேயே உண்டு. 64 பிட் வடிவத்தோடு 32 பிட் வடிவமும் அருகருகே இருக்க வேண்டும், அவ்வளவே. அதற்கு டெபியன் 7இலிருந்தே மல்டிஆர்ச் வசதி இருக்கிறது. ஐ386 என்ற கட்டமைப்பையும் சேர்த்துக்கொள் என்று டிபிகேஜியிடம் சொன்னால் போதும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மல்டிஆர்ச்சில் இரண்டு கட்டமைப்புகளிலும் ஒன்றாக இருக்கக்கூடிய லைப்ரரி பேக்கேஜ், இரண்டிலும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். 2.19 என்பது மட்டும் ஒத்துப்போனால் போதாது, அதன் பின்னால் வரும் டெபியன் திருத்த எண் வரை அச்சாக ஒத்திருக்க வேண்டும். படிப்பகக் கணினி பல வருடங்களாக எந்தப் புதுப்பிப்பும் பெறவில்லை. அதன் 64 பிட் லிப்சி ஒரு பழைய திருத்தத்தில் நின்றுவிட்டது. 32 பிட் லிப்சியை உள்ளே கொண்டுவர வேண்டுமென்றால், 64 பிட்டையும் ஜெஸ்ஸியின் (டெபியன் 8இன் இன்னொரு பெயர் அது) கடைசித் திருத்தத்துக்கு நகர்த்த வேண்டும். லிப்கப்ஸ் தன்னோடு அவாஹி, க்னூடிஎல்எஸ், கெர்பரோஸ், ஸெட்லிப் என்று அழைத்து வரும் ஒவ்வொன்றுக்கும் இதே விதிதான். டெபியன் 8க்குள்ளேயே நடக்கும் நகர்வு என்பதால் இதில் எனக்குப் பயமில்லை. ஒரு வெளியீட்டுக்குள் பிழையையும் பாதுகாப்பு ஓட்டையையும்தான் திருத்துவார்கள், பெரும்பாலும் நடத்தை மாறாது.

அடுத்து, பேக்கேஜ்களுக்கு எங்கே போவது? கணினியில் எழுதியிருந்த பழைய முகவரிகள் எல்லாம் 404 என்றன. டெபியன் 8க்கான நீண்டகால ஆதரவு 2020 ஜூன் 30இல் முடிந்தது. ஆதரவு முடிந்த வெளியீடுகளைக் கொஞ்ச காலம் கழித்து வழக்கமான நகல் தளங்களிலிருந்து (மிரர்) எடுத்துவிடுவார்கள். ஆனால் அழிப்பதில்லை. ஆர்கைவ்.டெபியன்.ஆர்க் என்ற முகவரியில் 1990களின் வெளியீடுகள் உட்பட எல்லாம் இன்னும் இருக்கின்றன. பட்டியல் கோப்பில் சர்வரின் பெயரை மாற்றினால் ஜெஸ்ஸி திரும்பக் கிடைத்துவிடும். அதிலும் இல்லாத ஏதோ ஒரு குறிப்பிட்ட திருத்தம்தான் வேண்டுமென்றால் ஸ்னாப்ஷாட்.டெபியன்.ஆர்க் இருக்கிறது. 2005இலிருந்து டெபியன் களஞ்சியம் ஒவ்வொரு நாளும் எப்படி இருந்ததோ அப்படியே அங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது. நாளையும் நேரத்தையும் முகவரியிலேயே எழுதிக் கேட்கலாம்.

இந்த இரண்டு தளங்களையும் நடத்துகிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு அளவே இல்லை. பெரும்பாலும் தன்னார்வலர்கள். யாரோ, எங்கோ, பத்து வருடம் கழித்துத் தேடிவருவார்கள் என்ற எண்ணத்தில் இத்தனை டெராபைட்டையும் காத்து வைத்திருக்கிறார்கள். புதுச்சேரியின் ரோமன் ரோலண்ட் நூலகம் 1827இலிருந்து புத்தகங்களைப் பேணி வருவதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். மென்பொருளைப் பேணுவதற்கும் அதே பெருமை உரியது. பணம் வாங்கிக்கொண்டு சாதனம் விற்கும் நிறுவனங்கள் பழைய டிரைவரைத் தங்கள் தளத்திலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடுகின்றன. எதையும் விற்காத டெபியன் எடுப்பதில்லை.

முகவரியை மாற்றியதோடு ஆப்ட் சமாதானம் ஆகிவிடாது. ரிலீஸ் கோப்பில் உள்ள கையொப்பத்தின் சாவி காலாவதியாகிவிட்டது என்று சொல்லும். பாதுகாப்புப் பகுதியின் ரிலீஸ் கோப்பில் ‘இந்த நாள் வரைதான் செல்லும்’ என்றும் ஒரு வரி இருக்கும். இரண்டாவதற்கு ‘செக்-வேலிட்-அன்டில்’ சோதனையை அணைக்கலாம். பழைய களஞ்சியம் என்று தெரிந்தே போகிறோம் என்பதால் அதில் தவறில்லை. முதலாவதற்குப் பலர் சொல்லும் மருந்து, கையொப்பச் சோதனையையே நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் நம்பு என்று ஆப்டிடம் சொல்வது. அதை அப்படியே செய்ய எனக்கு மனம் வராது. சாவி காலாவதியாவதும் கையொப்பம் போலியாவதும் வேறு வேறு. புது டெபியனின் சாவிக்கொத்து பேக்கேஜில், புழக்கத்திலிருந்து விலக்கிய பழைய சாவிகளும் தனிக் கோப்பாக இருக்கின்றன. அதை வைத்து ரிலீஸ் கோப்பின் கையொப்பத்தைப் புதுக் கணினியில் சோதிக்கலாம். ரிலீஸ் கோப்பில் பேக்கேஜ் பட்டியலின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) இருக்கிறது, பட்டியலில் ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷும் இருக்கிறது. சங்கிலியின் முதல் கண்ணியைச் சோதித்துவிட்டால் கடைசி வரை கையால் சரிபார்த்துக்கொண்டே வரலாம். நேரம் பிடிக்கும். ஒரு பொது இடத்துக் கணினிக்கு அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். படிப்பகக் கணினியின் மதர்போர்டு பேட்டரி செத்துப்போயிருந்தது. மின்சாரம் போய் வந்த ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். அப்படி இருக்கையில் பாதுகாப்பான இணைப்பு எதற்குப் போனாலும் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்றும், கையொப்பம் எதிர்காலத்தில் போடப்பட்டிருக்கிறது என்றும் வினோதமான பிழைகள் வரும். அவை சார்புச் சிக்கல் மாதிரியே தோன்றும். சிஆர்2032 பேட்டரி மஞ்சக்குப்பத்தில் எந்த எலெக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். பழைய கணினியில் கை வைப்பதற்கு முன் ‘டேட்’ அடித்துப் பாருங்கள். புத்தகம் திருப்பித் தர வேண்டிய தேதிகளை கோஹா கணக்கிடுவதும் அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் கோஹா-டம்ப் ஓட்டி, தரவுத்தளத்தையும் அமைப்புக் கோப்புகளையும் இரண்டு பென்டிரைவில் எடுத்துக்கொண்டோம். ஒன்று சாரின் வீட்டில், ஒன்று என்னிடம். அப்புறம் குளோன்ஸில்லாவால் முழு வட்டையும் பிம்பமாக வேறொரு வட்டில் எடுத்தோம். சார் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குன்னு வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க. நீ என்னா சொல்ற?”

“புதுசு ஒரு நாள் வாங்கிதான் ஆகணும் சார். ஆனா ஸ்டிக்கர் அடிக்கிறதுக்காக வாங்க வேண்டியதில்ல. இதுக்கு வேணும்கிறது எல்லாம் பத்திரமா இருக்கு, நாம போய் எடுத்துக்கிட்டு வரணும், அவ்வளவுதான்.”

எடுத்துக்கொண்டு வருவது என்று நான் சொன்னதை நேர்ப்பொருளிலேயே செய்தோம். அந்தக் கணினியை இணையத்தில் இணைக்க எனக்கு விருப்பமில்லை. புதுச்சேரியில் என் மடிக்கணினியில் டெபூட்ஸ்ட்ராப் வைத்து ஒரு டைரக்டரிக்குள் சின்ன ஜெஸ்ஸி ஒன்றைக் கட்டினேன். கன்டெய்னரில் செய்ய விரும்புகிறவர்களுக்கு, ஆயுள் முடிந்த டெபியன் வெளியீடுகளின் பிம்பங்கள் டாக்கர் ஹப்பிலும் இருக்கின்றன. பிறகு படிப்பகக் கணினியின் ‘/வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்’ கோப்பின் நகலை அதற்குக் கொடுத்தேன். இந்த ஒரு கோப்பில்தான் எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பில் நிறுவப்பட்டிருக்கிறது என்ற முழு விவரமும் இருக்கிறது. அதை என் ஆப்டிடம் காட்டிவிட்டால், முதுநகர்க் கணினியின் உள்ளே உட்கார்ந்திருப்பது போலவே அது கணக்குப் போடும். லிப்கப்ஸ்இமேஜின் 32 பிட் வடிவம் வேண்டும் என்று ஒத்திகை முறையில் கேட்டேன். எவை புதிதாக வரும், எவை நகரும் என்ற பட்டியல் வந்தது. நீக்கப்படுபவை: பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கும் வரை எதையும் இறக்கவில்லை.

பதிவிறக்கத்தை மட்டும் செய்து, ஹாஷ்களைச் சரிபார்த்து, டிபிகேஜி-ஸ்கேன்பேக்கேஜஸ் ஓட்டி அந்த டைரக்டரியையே ஒரு குட்டிக் களஞ்சியமாக்கி பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். தனித்தனி டெப் கோப்புகளை டிபிகேஜி-ஐ கொடுத்து நிறுவினால் எதை முதலில், எதைப் பின்னால் என்ற வரிசையை நாம்தான் பார்க்க வேண்டும். களஞ்சியமாக்கிவிட்டால் அந்தத் தலைவலி ஆப்டுக்குப் போய்விடும். இதே வேலைக்கு ஆப்ட்-ஆஃப்லைன் என்று ஒரு நல்ல கருவியும் இருக்கிறது. எழுதியவர் ரித்தேஷ் ராஜ் சர்ராஃப், டெபியன் மேம்பாட்டாளர். இணையம் இல்லாத கணினிக்கு என்ன வேண்டும் என்று குறித்துக்கொண்டு, இணையம் உள்ள இடத்தில் இறக்கி, திரும்ப வந்து நிறுவுவதையே அது ஒரு முறையாக்கித் தருகிறது.

பென்டிரைவோடு கடலூர் பஸ் ஏறி, தவளக்குப்பம், கன்னியக்கோயில் தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் கடந்து போனேன். நிறுவுவதை அந்த மாணவியையே செய்யச் சொன்னேன். முதலில் யுபிஎஸ் பேட்டரி தாங்குகிறதா என்று பார்த்தோம். பட்டியலில் பழைய வரிகளை எல்லாம் குறிப்பாக்கிவிட்டு பென்டிரைவின் வரியை மட்டும் விட்டாள், ஐ386 சேர்த்தாள், ஒத்திகை ஓட்டினாள், மறுபடி பூஜ்யத்தைப் பார்த்தாள், நிறுவினாள். இப்போது எல்டிடி ஒழுங்காகப் பதில் சொன்னது, ஒவ்வொரு லைப்ரரிக்கும் எதிரே ஒரு முகவரி. சோதனை அச்சு கொடுத்தோம். ‘ஃபில்டர் ஃபெயில்ட்’ என்றது கப்ஸ்.

இந்த இடத்தில் டிரைவரை மறுபடி நிறுவிப் பார்ப்பது, பிரிண்டரை அணைத்துப் போடுவது என்று பலர் சுற்றத் தொடங்குவார்கள். கப்ஸின் பிழைப் பதிவை விரிவான நிலைக்கு மாற்றி, ஒரே ஒரு அச்சு கொடுத்து, பதிவைப் படித்தால் போதும். ஃபில்டர் கோப்பின் (அச்சுத் தரவைப் பிரிண்டருக்கு ஏற்றபடி மாற்றும் டிரைவர் நிரலின்) உரிமையும் அனுமதியும் சரியில்லை என்று அதில் எழுதியிருந்தது. கப்ஸ் ஃபில்டர்கள் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், மற்றவர்கள் எழுத முடியக் கூடாது. சிடியிலிருந்த நிறுவும் ஸ்கிரிப்ட் அதைக் கவனிக்கவில்லை. சரிசெய்ததும் லேபிள் வந்தது, பார்கோடை ஸ்கேனர் ஒரே தடவையில் படித்தது.

குறுக்கு வழிகள் இரண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேடினால் முதலில் கிடைப்பவை அவைதான். ஒன்று, இல்லாத லைப்ரரியின் பெயரில் இருக்கிற வேறு பதிப்புக்கு ஒரு சிம்லிங்க் (இன்னொரு கோப்பைச் சுட்டும் பெயர்) போடுவது. பெயரில் உள்ள எண் வெறும் அலங்காரம் இல்லை. உள்ளே இருக்கும் அமைப்பு மாறினால்தான் அந்த எண்ணை மாற்றுவார்கள். லிப்பிஎன்ஜி12 கேட்கும் நிரலுக்கு லிப்பிஎன்ஜி16ஐக் காட்டினால், ‘பிஎன்ஜி12_0’ முத்திரை இல்லை என்று நல்லவேளையாக உடனே நின்றுவிடும். முத்திரை இல்லாத லைப்ரரியாக இருந்தால் ஓடுவது போல ஓடி, தரவைக் கெடுத்துவிட்டு எப்போதோ விழும். இன்னொன்று, டிபிகேஜியை வற்புறுத்தும் ‘ஃபோர்ஸ்’ வகைத் தெரிவுகள். அவை சார்பைத் தீர்ப்பதில்லை. தீராத சார்பைப் பதிவேட்டில் அப்படியே விட்டுவிடுகின்றன. அடுத்த தடவை ஆப்டில் எதைக் கேட்டாலும் முதலில் அந்தக் கடனைக் கட்டு என்று நிற்கும். அந்த நிலையில் கணினியை என்னிடம் கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. ஆதரவு முடிந்த கணினியை இணையத்தில் வைப்பது கூடாது. ஜெஸ்ஸிக்குப் பணம் கட்டினால் 2025 ஜூன் வரை ஃப்ரீக்ஸியன் நிறுவனத்தின் நீட்டித்த ஆதரவு கிடைத்தது, இப்போது அதுவும் முடிந்தது. படிப்பகக் கணினி இப்போது உள் வலையமைப்பில் மட்டும் இருக்கிறது. இரவல் மேசையில் இருக்கும் இன்னொரு கணினி அதை உலாவியில் பார்க்கும். வெளியே போகும் கம்பி கிடையாது.

நேராக டெபியன் 12க்கு ஏற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். வெளியீடுகளைத் தாண்டிக் குதிப்பதை டெபியன் ஆதரிப்பதில்லை. 8இலிருந்து 9, அதிலிருந்து 10, 11, 12 என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் கோஹாவின் பதிப்பு, பெர்ல், தரவுத்தளம் மூன்றும் ஒத்துவர வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் அதைச் செய்வதைவிட, புதுக் கணினியில் புது கோஹாவை நிறுவி, பழைய டம்பை அதற்குள் ஏற்றி, தரவுத்தள அமைப்பைப் புதுப்பிக்க விடுவது நல்லது. பழையது பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், எதுவும் நிற்காது.

அந்த ஒத்திகையை இப்போது மாணவி தன் மடிக்கணினியில் தொடங்கியிருக்கிறாள். டம்பின் ஒரு நகலைக் கொடுத்திருக்கிறேன், உறுப்பினர்களின் பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு. பழைய பதிவுகளில் சிலவற்றில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக வருகின்றன என்று நேற்று எழுதியிருந்தாள். தரவுத்தளத்தின் எழுத்துக் குறியீடு யுடிஎஃப்8ஆ, இல்லை பழைய லத்தீன்1ஆ என்று அட்டவணை அட்டவணையாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இணையத்திலிருந்து இறக்கிய ஜெஸ்ஸி பேக்கேஜ்கள் எல்லாம் ‘எங்கிருந்து, எந்தத் தேதியில், எதற்காக’ என்ற தமிழ்க் குறிப்போடு படிப்பகத்திலேயே ஒரு பென்டிரைவில் இருக்கின்றன. இதே பழைய டெபியனோடு மல்லுக்கட்டும் வேறு நூலகங்கள் கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள், நகல் எடுத்துத் தருகிறேன்.